வர்ஷாவின் பல் உடைந்த அன்று

மண்ணூர்பேட்டை தையல் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கெஞ்சி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு அனுசுயா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் ரோஷினி, கூடப் படிக்கும் வர்ஷாவை டிபன் பாக்ஸால் அடித்து முன்பல்லை உடைத்திருந்தாள்.

தலைமையாசிரியை அறையில் ரோஷினி சுவரோரம் நின்றிருந்தாள். பிள்ளையை இப்படித்தான் வளர்ப்பதா என்று கேட்டார்கள். ஒரு வாரம் வரக்கூடாது, வர்ஷாவிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வகுப்பு என்றார்கள். அனுசுயா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு எழுந்து மகளை அறையக் கையை ஓங்கினாள். ரோஷினி கண்ணைக்கூட மூடவில்லை. அடி விழ வாகாகக் கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் ரோஷினி மெதுவாகச் சொன்னாள். கணக்கு டீச்சர் தினமும் அவளை எருமை என்று கூப்பிட்டு வெளியே நிற்க வைக்கிறாராம். இன்று சாப்பாட்டு நேரத்தில் வர்ஷாவும் அப்படியே கூப்பிட, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"என்னாண்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீயும் அடிப்ப. நைனா உன்ன அடிச்சாலும் எனக்குத்தான அடி உய்து."

போன வாரம் சாதம் குழைந்துவிட்டதென்று கணவன் டில்லிபாபு தட்டை அனுசுயா மேல் வீசினான். அவன் போனதும், பாத்திரம் கழுவவில்லை என்று அவள் மகளைக் கரண்டியால் அடித்தாள்.

திருமழிசையில் லோடு வண்டி ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வந்த டில்லிபாபு, விஷயம் கேட்டதும் பெல்ட்டை உருவினான். அனுசுயா குறுக்கே வந்து நின்றாள்.

"அவ மேல கை வெக்காத. நானும் இனிமே வெக்கமாட்டேன்."

பெல்ட் அவள் தோளில் விழுந்தது. அவள் கத்தவுமில்லை, நகரவுமில்லை. மறுபடி ஓங்கியவன் என்னவோ முனகிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலையில் அம்மாவும் மகளும் வர்ஷாவின் ஃபிளாட்டுக்குப் போனார்கள். கிரில் கதவுக்குப் பின்னால் உதடு வீங்கி நின்றவளிடம், தான் செய்தது தப்பு என்று ரோஷினி சொன்னாள். ரொம்ப வலிக்கிறதா என்றும் கேட்டாள். வர்ஷா உள்ளே போய்விட்டாள். இனி இங்கே வர வேண்டாம் என்று அவளுடைய அம்மா கதவைச் சாத்தினாள்.

அங்கிருந்து பள்ளிக்குப் போய், கணக்கு டீச்சர் மகளை என்னவென்று கூப்பிடுகிறார் என்பதை அனுசுயா சொன்னாள். விசாரிப்பதாகச் சொன்ன தலைமையாசிரியை, பேனாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நைனா இன்னிக்கும் கோவமா வந்தா?" என்று வழியில் ரோஷினி கேட்டாள்.

"நான் இருப்பேன்" என்றாள் அனுசுயா. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிப்போனாள்.