பாலம் வரை வெள்ளைக் கொடி

வெள்ளிக்கிழமை காலையில் விழா தொடங்க இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் கண்டி ஆஸ்பத்திரியில் செல்லச்சாமி கண்ணை மூடிவிட்டார்.

அப்பாவின் சாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சஞ்சீவனி வார்ட்டுக்கு வெளியே வந்தபோது, அண்ணன் சதீஸ்குமார் சுவரைப் பார்த்து நின்றபடி தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தான். புசல்லாவையில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள். அவன் பேசிக்கொண்டிருந்தது வர்த்தகர் சங்கத் தலைவர் ஜமால்தீன் ஹாஜியாரிடம்.

வத்தேகமையைத் தாண்டி மலைப்பக்கம் ஏறும் ரோட்டில் இருக்கிறது அவர்களுடைய சின்ன டவுன். பஸ் ஸ்டாண்டில் தொடங்கிப் பாலத்தில் முடிந்துவிடும் ஒரே கடைத்தெரு. கொரோனாவில் மூடி, பெற்றோல் வரிசையில் வாடி, மண்சரிவில் ரோட்டும் போய், கடைசியில் ரோட்டைத் திருத்திய பிறகு நல்லது நடக்கும் என்று பார்த்தால், திருத்திய ரோட்டில் தோட்டத்துச் சனங்கள் சுகமாகக் கண்டிக்கே போய்ச் சாமான் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குச் சங்கம் கண்ட மருந்துதான் 'நம்ம டவுன், நம்ம கடை' விழா. சித்திரைப் புதுவருசத்துக்கு முன்னால் மூன்று நாள். பாட்டு, பரிசுச் சீட்டு, தெருவெல்லாம் தோரணம், பஸ் ஸ்டாண்டில் ஆளுயரத் திரையில் விளம்பரம். யோசனை சதீஸ்குமாருடையது. போன் கடை வைத்திருந்த அவன்தான் சங்கத்துக்குச் செயலாளர். எல்லாக் கடைக்காரர்களும் கைக்கு மீறிச் சரக்கு இறக்கியிருந்தார்கள்.

அந்தத் தெருவுக்கு வேறொரு வழக்கமும் இருந்தது. கடைக்காரர் யார் செத்தாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலம் வரை வெள்ளைக் கொடி கட்டுவார்கள். சவப்பெட்டி போகிற நாளில் அரை நாள் கடையடைப்பு. தமிழர், சிங்களவர் என்று பார்ப்பதில்லை. முஸ்லிம் வீடுகளில் கொடி கட்டும் பழக்கம் அவ்வளவாக இல்லாவிட்டாலும், ஹாஜியாரின் மனைவி அனீஸா மௌத்தானபோது ஒரு மணித்தியாலத்துக்குள் தெரு முழுக்க வெள்ளையாகிவிட்டது. கொடிக்குத் துணி எப்போதும் செல்லச்சாமியின் புடைவைக் கடையிலிருந்துதான். மற்ற ஊர்களைப்போலப் பொலித்தீன் கொடி வாங்கலாம் என்று சங்கத்தில் ஒருமுறை பேச்சு வந்தபோது, மனுசனுக்குக் கட்டுவது மழையில் நனைய வேண்டும், வெயிலில் காய வேண்டும் என்று சொல்லிவிட்டார். கத்தரியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். தானே முக்கோணம் முக்கோணமாக வெட்டுவார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் அண்ணன் அவளைப் பக்கத்தில் இருத்தி விசயத்தைச் சொன்னான். இப்போது சொன்னால் தோரணத்தை இறக்க வேண்டும், பாட்டை நிறுத்த வேண்டும், சனிக்கிழமை பாதி நாள் எல்லாரும் கடையை மூட வேண்டும். இந்த மூன்று நாளை நம்பித்தான் தெருவே மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்டியிலேயே மலர்சாலையில் அப்பாவின் உடலைப் பதப்படுத்தி வைத்திருக்கலாம். திங்கட்கிழமை எல்லாம் முறைப்படி.

"அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாமயா?" என்று கேட்டாள்.

"சொன்னா கொடி கட்டாம இருக்க முடியாது. கட்டினா விழா இல்ல. அப்பா இருந்தா என்ன சொல்லுவாருன்னு நீயே யோசி, சஞ்சு."

அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை. செத்துப்போனவர் என்ன நினைத்திருப்பார் என்று உயிரோடு இருப்பவர்கள் இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிப்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இருட்டுவதற்குள் ஹாஜியாரே காரில் வந்து சேர்ந்தார். செல்லச்சாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் அவளை இளக்கியது.

"திங்கக்கிழம நானே முன்னுக்கு நிண்டு செய்றேன், மகள்," என்றார். "கொடி, கடையடைப்பு, தப்பு மேளம், எல்லாம்."

"பாலம் வரைக்கும்?"

"பாலம் வரைக்கும்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இத்தனை வருசமாக ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தவர், அந்தக் கொடிகளுக்குக் கீழே ஒருமுறை போக வேண்டும். சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேளம் அடித்துத் திரையைத் திறந்தார்கள். அதில் முதலில் வந்தது அப்பாவின் முகம். இரண்டு வாரத்துக்கு முன், காய்ச்சல் தொடங்குவதற்கு முதல், சதீஸ்குமார் எடுத்த வீடியோ. கழுத்தில் அளவு நாடாவோடு அப்பா கூச்சத்துடன் சிரித்தார். "வாங்க, உள்ள வந்து பாருங்க. வாங்கணும்னு இல்ல, பாத்துட்டுப் போங்க." அந்த ஒலிபெருக்கிக்கு மலையே எதிரொலி கொடுத்தது. அதன்பிறகு மூன்று நாளும் பத்து நிமிசத்துக்கு ஒருமுறை அப்பா ஊரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஊரும் வந்தது. கண்டிக்கு அப்பாலுள்ள கலகெதரப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். புடைவைக் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வந்தவர்கள் எல்லாம் வீடியோவில் வந்த மொதலாளி எங்கே என்று கேட்டார்கள். இளசுகள் அவரோடு செல்பி எடுக்க வேண்டும் என்றார்கள். கண்டிக்குப் போயிருக்கிறார் என்று சஞ்சீவனி சொன்னாள். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கத்தான் போயிருக்கிறார் என்று தெருவிலும் நினைத்திருந்தார்கள். முதல் தடவை சொன்னபோது அளவு நாடாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். பத்தாவது தடவை நிமிர்ந்தே சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்குப் பாவாடைத் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்கு அப்பாவுக்குச் சோறு கட்டி அனுப்பவில்லையே என்ற எண்ணம் சாதாரணமாக வந்தது. அப்படியே கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரமாக அவள் மறந்தே போயிருந்தாள். மறக்கும் அளவுக்கு வியாபாரம் நல்லாயிருந்தது.

காப்பும் பொட்டும் விற்கும் பக்கத்துப் பென்சிக் கடை ஷிபானா இடையிடையே எட்டிப் பார்த்து, இப்படி ஒரு கூட்டத்தைக் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து கண்டதில்லை என்று சொல்லிவிட்டு ஓடினாள். தெருவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வருசக்கணக்காகப் பேசாமல் இருந்த இரண்டு பலசரக்குக் கடைக்காரர்கள் ஒரே பிளேன்டீக் கடையில் நின்று கதைத்தார்கள். சஞ்சீவனிக்கும் அதைப் பார்க்க நல்லாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை இவர்கள் எல்லாரும் இதே தெருவில் அப்பாவுக்காக நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது, மறைத்து வைத்த துக்கமே ஒரு பரிசுபோல அவளுக்குத் தோன்றியது. தூரத்து நாட்டில் நடக்கும் ஒரு சடங்கைக் கற்பனை செய்வதுபோல, பாலம் வரைக்கும் வெள்ளையாக இருக்கும் தெருவை மனதில் கட்டிக் கட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சங்கக் கூட்டம் முடிந்த கையோடு ஒலிபெருக்கி அறிவித்தது. மக்களின் அமோக வேண்டுகோளுக்கு இணங்க, நம்ம டவுன் நம்ம கடை விழா புதுவருசம் வரைக்கும் நீட்டிக்கப்படுகிறது. சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. தெருவில் கைதட்டினார்கள். ஷிபானாவும் கடை வாசலில் நின்று கைதட்டினாள்.

சஞ்சீவனி கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள். அதை ஏற்கெனவே மடித்திருந்தாள்.

கூட்டம் குறைந்ததும் அண்ணனும் ஹாஜியாரும் சேர்ந்தே வந்தார்கள். ஹாஜியார் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சதீஸ்குமார் உட்காரவில்லை. மலர்சாலையில் பேசிவிட்டதாகவும், இன்னும் சில நாள் வைத்திருப்பதில் பிரச்சினை இல்லை என்று அவர்கள் சொன்னதாகவும் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நீ கை தூக்குனியா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் தூக்குனாங்க."

"நான் உன்னத்தான் கேட்டேன்."

"நான் செக்ரட்டரி, சஞ்சு. நான் மட்டும் வேணாம்னா ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

அவள் ஹாஜியாரைப் பார்த்தாள்.

"எனக்கும் அதே கததான், மகள்," என்றார் அவர். "மூணு நாளா மூடி வச்ச மௌத்த, அந்தச் சந்தோசத்துக்கு நடுவுல எந்த வாயால சொல்றது? இவ்வளவு நாளும் எங்கள ஏமாத்தினீங்களா எண்டு கேப்பாங்க. எனக்கு வாய் வரல்ல. மாப்புச் செய்ங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கூட்டத்தில் இருந்தவர்களில் யாருக்கும் சாவு தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள். தெரிந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதாகத் தெரிந்த அவள், கடையில் நின்று சிரித்துச் சிரித்துத் துணி விற்றாள். யாரைத் திட்டுவது என்று தேடிப் பார்த்தபோது, தன்னிடமே வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையில அப்பா வீட்டுக்கு வராரு," என்றாள். "போய்க் கூட்டிட்டு வா."

வீடு கடைக்கு மேல் மாடியில்தான். திங்கட்கிழமை விடிந்ததும் சதீஸ்குமார் கண்டிக்குப் புறப்பட்டான்.

அவன் போன பிறகு சஞ்சீவனி கடை கடையாகப் போய்ச் செய்தியைச் சொன்னாள். எல்லாரும் பதறிப்போனார்கள். ஐயோ, மொதலாளியா, என்றார்கள். அடுத்த மூச்சில், நேற்றுக்கூடக் கண்டிக்குப் போயிருக்கிறார் என்றீர்களே என்று கேட்டார்கள். வியாழக்கிழமையே இறந்தார் என்று கேட்டதும், பதற்றம் மெல்ல வடிந்து, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவள் போகட்டும் என்று காத்திருந்தார்கள். ஷிபானா மட்டும் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்து, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாந்தானே, அக்கா," என்று சொல்லிவிட்டு, காப்பு விலை கேட்டு நின்றவளிடம் போனாள்.

கொடி கட்டலாம் என்றால் சங்கத்தின் கயிறு முழுவதும் தோரணத்தில் இருந்தது. ஏணியைப் பாலத்தடியில் வைத்துப் புதுப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கடைக்குத் திரும்பி, அப்பா கொடிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் வெள்ளைத் துணி உருளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். வெட்டவில்லை. ஒரு முனையைச் சன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டி, உருளையை வெளியே தள்ளினாள். துணி பெயர்ப்பலகையை மறைத்துக்கொண்டு படபடவென்று இறங்கி நடைபாதை வரை தொங்கியது. பச்சை, மஞ்சள், சிவப்புத் தோரணங்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் வெள்ளை.

அவள் கீழே வந்தபோது இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் அந்தத் துணியை விரலால் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மீட்டர் எவ்வளவு, அக்கா? புள்ளைகளுக்கு ஸ்கூல் சட்ட தைக்கணும்."

"அப்பா செத்துட்டாரு," என்றாள் சஞ்சீவனி. "அதுக்குப் போட்டது."

அந்தப் பெண் சுட்டதுபோலக் கையை எடுத்தாள். பிள்ளைகளை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். பிறகு, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவளுக்கு வேறு வழியில்லாமல், மெதுவாகக் கேட்டாள். "அப்ப இன்னைக்குக் கடை இல்லீங்களா?"

"இல்ல."

சஞ்சீவனி உள்ளே விளக்குகளை அணைத்தாள். வெளியே வந்து, ரோலர் கதவில் கொக்கிக் கம்பியை மாட்டி முழு பலத்தோடு இழுத்தாள். கதவு பெரிய சத்தத்தோடு இறங்கித் தரையில் மோதியது. தெருவில் ஒரு சாவு என்றால் முதலில் கேட்கும் சத்தம் எப்போதும் இந்தக் கதவுடையதுதான். அதற்குப் பிறகு பக்கத்துக் கதவு, அதற்கடுத்தது, எதிர்ப்பக்கம், அப்படியே பாலம் வரைக்கும் ஒவ்வொன்றாக இறங்கும். அவள் கொக்கியைக் கையில் பிடித்தபடி இரண்டாவது சத்தத்துக்காக நின்றாள். எதிர்க்கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு தனக்கு அடுத்த கடைக்காரரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அந்தப் பார்வை தெருவின் கடைசி வரை போயிருக்கலாம். கதவு ஒன்றும் இறங்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பின்வாசலால் மாடிக்குப் போய்ப் பெட்டி வைப்பதற்குக் கூடத்தைக் கூட்டினாள். பாய் விரித்தாள், குத்துவிளக்கைத் துடைத்தாள். வான் வரும் சத்தம் கேட்டுச் சன்னலால் எட்டிப் பார்த்தாள்.

மூடிய கடைக்கு முன்னால் யாரோ ஒரு வெளியூர் வியாபாரி சாக்கு விரித்துப் பிளாஸ்டிக் சாமான் பரப்பியிருந்தான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வெள்ளைத் துணியின் கீழ் முனையைத் தூக்கி, முறுக்கி, நடைபாதை ஓரத்து விளக்குக் கம்பத்தில் இழுத்துக் கட்டி நிழல் போட்டிருந்தான். அதன் கீழே ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து வாளிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வான் நிறுத்த இடமில்லாமல் நடுத்தெருவில் நின்றது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது.

சதீஸ்குமார் இறங்கி வந்து, துணியையும் வியாபாரியையும் பார்த்துவிட்டு, மேலே சன்னலைப் பார்த்தான்.

"ரெண்டு நிமிசம் பொறுங்க, மொதலாளி," என்றான் வியாபாரி, வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே. "கட மூடிக் கெடந்திச்சு. அதான் போட்டேன்."