தண்ணீரில் மூழ்கிச் செத்த மீன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பிறந்தது என் அறிவீனத்தில். இதன் முதல் வடிவத்தைப் போன வருஷம் திருப்பதியில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசித்தேன். காலம் 1955, ஆந்திர ராஜ்யம் பிரிந்து இரண்டு வருஷம்கூட நிறையாத சமயம். யதிராஜன் என்கிற கல்லூரி டெமான்ஸ்ட்ரேட்டர் பழவேற்காட்டுச் சேற்றில், கரையேறி நடக்கும் மீன் மூன்றைப் பிடிக்கிறான். கண்ணாடி ஜாடியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, உயிரோடு திருப்பதி கொண்டுவந்து சேர்க்கிறான். பலத்த கைதட்டல். ஒருவர் எழுந்து, அந்த மீன் இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவே தவிக்கும் எல்லைத் தமிழனின் குறியீடு என்றார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

மறுவாரம் சத்தியவேடு சந்தையில் மீன் விற்கும் மணியம்மாவிடம், மீனின் பெயரைச் சரிபார்க்கலாமே என்று கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரி அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தாள்.

"தாவுற உளுவையா? அத்த முட்ட முட்டத் தண்ணி ஊத்தி மூடுனா மூச்சு முட்டிப் பூடும்யா! அதுக்கு வாய்ல காத்து வேணும். கூட்டத்துல ஒருத்தனுக்குமா தெரியல?"

ஒருவருக்கும் தெரியவில்லை. நாற்பது பேர் இருந்தோம்.

நண்டுக் கூடையில் அப்படி ஒரு மீன் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. "கை வெச்சுப் பாரு" என்று கூடையை என் பக்கம் தள்ளினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

2

ஆகவே மறுபடி தொடங்குகிறேன்.

உப்பங்கழியின் மேல் பொற்கதிர் பரப்பிக் கதிரவன் மெல்ல மெல்ல

[வேண்டாம். ஒருத்தனுக்கு வேலை போகப்போகிறது. சூரியன் எப்படி உதித்தால் என்ன?]

விஷயம் இதுதான். யதிராஜனின் வேலை தற்காலிகம். ஒருநாள் வகுப்பில், நிலத்தில் நடக்கிற மீன் உண்டு என்று அளந்துகொண்டிருந்தபோது துறைத் தலைவர் ரங்கையா வாசலில் நின்று கேட்டுவிட்டார். "அலாகா? தெச்சி சூபிஞ்சண்டி" என்றார். அப்படியா, கொண்டுவந்து காட்டுங்கள். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி வருகிறது. மேசைமேல் மீன் நடந்தால் வேலை நிரந்தரம். நடக்காவிட்டால் உங்கள் மெட்ராஸ்தான் இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மெட்ராஸில் என்ன இருக்கிறது? அண்ணா வீடு. ஒரே அறை. கல்யாணமான புதிதில் யதிராஜனும் பத்மாசனியும் அங்கே ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே எட்டு மாதம் படுத்திருந்தார்கள். "இனிமே அங்க போறதுன்னா நீங்க மட்டும் போங்கோ" என்று பத்மாசனி தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

இன்னொன்றும் உண்டு. அவன் அப்பா கோவிந்தராஜர் சன்னிதி கோஷ்டியில் பிரபந்தம் சேவிப்பவர். பிள்ளை கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் எடுப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்.* விலங்கியல் என்று தெரிந்தால் அந்த வீட்டுத் தளிகையில் அவனுக்கு ஒரு பிடி சோறு கிடையாது. ஆனால் அவனோ, சத்தியமாக, ஒரு ஜந்துவையும் கையால் தொட்டதில்லை. எல்லாம் இடுக்கிதான், எல்லாம் ஃபார்மலின்தான். மீன் என்றால் அவனுக்கு விளிம்புவரை திரவம், இறுகிய மூடி, மேலே ஒரு சீட்டு. இந்த லட்சணத்தில் எம்.எஸ்ஸி.

[* இது உண்மையா என்று கேட்டு எனக்குக் கடுதாசி போடாதீர்கள். இட்டுக்கட்டினேன். கதை என்றால் பின்னே என்ன?]

3

ரத்தினம்மா பழவேற்காட்டிலிருந்து ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நண்டு கொண்டுபோய் விற்பவள். (மணியம்மாவின் சிரிப்பை அப்படியே இவளுக்குக் கொடுத்துவிட்டேன்.) வியாழன் காலை முழங்கால் சேற்றில் இறங்கி, அவள்தான் மீன்களைப் பிடித்தாள். அவன் கரையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கட்டைவிரல் நீளம். தலையுச்சியில் துருத்திய இரண்டு கண். முன் துடுப்புகளை ஊன்றி, இடுப்பொடிந்தவன் திண்டில் ஏறுவதுபோல, சேற்றின்மேல் ஏறிப் போயின.

அவள் மூன்றை ஜாடியில் போட்டாள். அவன் கொண்டுவந்திருந்த கிணற்றுத் தண்ணீரை அதில் விளிம்புவரை ஊற்றினான்.

"சாமி, இன்னாத்துக்கு இவ்ளோ தண்ணி? கொஞ்சம் சேறு, ஈரச் சாக்கு, அது போதும். செத்துப்பூடும்."

"மீன் தண்ணீல சாகுமா? உனக்கு என்னம்மா தெரியும்? நான் இதைத்தான் படிச்சேன்."

"நான் இத்தத்தான் துன்னுறேன்" என்றாள் ரத்தினம்மா.

அவன் மூடியைத் திருகினான். மேலே மெழுகும் தடவினான், படுபாவி!

4

இருவரும் ஒரே பஸ்ஸில் நாகலாபுரம் வழியாகப் புத்தூர் வந்து, அங்கே ரயில் ஏறினார்கள். வழியில் மெட்ராஸ் ராஜ்யம் முடிந்து ஆந்திரம் வந்தது. எங்கே வந்தது என்று பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே எல்லையைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுத மாட்டேன். ஏமாந்தீர்களா?

ரேணிகுண்டாவில் இறங்கியபோது மணி இரண்டரை. திருப்பதி ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜாடியைத் துண்டிலிருந்து எடுத்துப் பார்த்தான். மூன்று மீனும் வயிறு வெளுத்து, மூடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மிதந்தன. உலுக்கினான். மூன்றும் சேர்ந்து ஆடின. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னா சாமி, பூட்ச்சா?" கூடையை இறக்கிவைத்தாள் ரத்தினம்மா. "எப்படியும் நீ சாவடிப்பேன்னு எனுக்குத் தெரியும். அதான் ஒண்ண ஈரச் சாக்குல சுத்தி நண்டுக்கு அடியில போட்டு வெச்சிக்கினேன்."

"உசிரோடயா?"

"காத கிட்ட வெச்சிக் கேளு. தத்திக்கினு கீது."

"எடுத்துக் குடும்மா, ரயில் போயிடும்."

"நான் எடுத்துத் தர மாட்டேன்." ரத்தினம்மா கையைக் கட்டிக்கொண்டாள். "எனுக்கு இன்னா தெரியும்? படிச்ச கை எடுக்கட்டும். நண்டெல்லாம் கட்டித்தான் கீது, கடிக்காது."

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. "யதிராஜனா? என்னடா இங்க?"

அப்பாவோடு கோஷ்டியில் தோளோடு தோள் நிற்கும் கண்ணபிரான். பளிச்சென்று திருமண். அவர் கண் ஜாடிக்குப் போனது, அங்கிருந்து கூடைக்குப் போனது.

"செடி ஏதாவது சேகரிக்க வந்தியா?"

கார்டு விசிலை வாயில் வைத்தார்.

5

இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் அவன் கூடைக்குள் கை விடவில்லை. "ஆமாம் ஸ்வாமி, செடிதான்" என்று செத்த ஜாடியோடு ரயிலேறுகிறான். அடுத்த மாதம் அண்ணா வீட்டில், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே தனியாகப் படுத்திருக்கிறான். இதை எழுதக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கோழையைப் பற்றி எழுதக் கஷ்டமே இல்லை, எனக்கு.

இரண்டாவதில் கண்ணபிரான் பார்த்திருக்க, கை கூடைக்குள் போகிறது. நாலு மணிக்குக் கமிட்டியின் மேசைமேல் மீன் நடக்கிறது. ராத்திரி அப்பாவின் கதவு திறக்கவில்லை. இதுதான் எனக்கு வேண்டும். ஆனால் இதற்கு ஒரு வாக்கியம் தேவை: சாக்கை விலக்கியதும் அவன் விரலில் என்ன பட்டது?

வழுவழுப்பாக

[பொய். எங்கேயோ படித்தது.]

ஜில்லென்று, ஒரு சின்ன உயிர்

[த்தூ.]

இவ்வளவு நேரம் யதிராஜனைப் பார்த்துச் சிரித்தேனே! சத்தியவேட்டில் அன்றைக்கு என் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மணியம்மாவின் கூடை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

அந்த வாக்கியத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உங்களில் மீனைக் கையில் பிடித்தவர் யாரோ, அவர் எழுதுங்கள். யதிராஜன் கூடைக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். சீக்கிரம் ஆகட்டும். சாக்கு காய்ந்துகொண்டிருக்கிறது.