மஞ்சள் வைத்த டிராஃப்ட்

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இரண்டு பேர் கார் பார்க்க வந்தார்கள். ரத்தினபாய் கேட்டைத் திறந்தாள்.

வண்டி சாம்பல் நிற ஹெரால்ட். பின்கண்ணாடியில் அவளே எழுதிய அட்டை: விற்பனைக்கு. கரும்பலகையில் எழுதுவது போன்ற எழுத்து. மூன்று வாரமாக அட்டை அங்கே இருந்தது. இதற்கு முன் வந்தவர்கள் வேறு இரண்டு பேர். இருவரும் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வண்டி அவள் கணவர் ஜெபராஜுடையது. அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. மகள் தபீதாளுக்கு வேலூரில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூன் இருபதுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இன்று பன்னிரண்டு.

வந்தவர்களில் மூத்தவர் தசரதன். கோவிலம்பாக்கத்தில் பயிர் வைப்பவர். மற்றவன் அவர் மனைவியின் தம்பி முனிரத்தினம். லாரி ஓட்டுபவன்.

முனிரத்தினம் கொக்கியை விடுவித்தான். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறந்தது. தசரதன் ஓரடி பின்னால் போனார்.

"இன்னாடா, வாயப் பொளக்குது?"

"மாடு வாங்கும்போது பல்ல புடிச்சிப் பாக்கறல்ல மாமா, அதே கணக்குதான்."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் வரை போய் வந்தான். ரத்தினபாய் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். தெரியாதவனிடம் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

"எஞ்சின் சுத்தம்" என்றான் முனிரத்தினம். "கிளட்சுதான் தேஞ்சிகீது. டீச்சரம்மா, ஏழாயிரத்துல ஒரு முந்நூறு..."

"பேரம் வாணாம்டா" என்றார் தசரதன். "நல்ல காரியத்துக்கு வாங்கறேன்."

உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். தபீதாள் காப்பி கொண்டுவந்தாள். தசரதன் இடுப்பிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு காகிதம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நடுவில் குங்குமம்.

"ஏழாயிரம். பேங்க் டிராஃப்ட்டு. நெலம் விக்கறேன். மனை போடறவரு நேத்து சாயங்காலம் குடுத்தாரு. பத்தாயிரத்துக்கு இன்னொண்ணு வூட்ல அம்மன் படத்தாண்ட கீது. பின்னாடி நான் கைநாட்டு வெச்சிட்டா இது உங்க காசு. அவுருதான் சொன்னாரு."

"உங்களுக்கு பேங்க்ல கணக்கு இருக்கா?"

"கணக்கு இன்னாத்துக்கு? இதுவே காசு தானேம்மா."

ரத்தினபாய் காகிதத்தைப் பார்த்தாள். தாம்பரம் கிளையில் பணம் தர வேண்டும் என்று அச்சாகியிருந்தது. தசரதனின் பெயர் இருந்தது. இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

போன ஆண்டு இதே மேசையில் அசரியா உட்கார்ந்திருந்தார். அவளுடைய சபையைச் சேர்ந்தவர். ஜெபராஜின் ஸ்கூட்டரை வாங்க வந்தார். அதுவும் சனிக்கிழமை, பேங்க் மூடிய பிறகு. செக்கை மேசை மேல் வைத்துவிட்டு, "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிக்குவோம் சிஸ்டர்" என்றார். ஜெபராஜின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அவர் குரல் தழுதழுத்தது. ஆமென் சொன்ன பிறகு, செக் பாஸாகட்டும், பிறகு வண்டியை எடுங்கள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சேர்ந்து கண்ணை மூடிய ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை செக் திரும்பி வந்தது. ஸ்கூட்டர் அதற்குள் எங்கோ போயிருந்தது. மன்னித்துவிடுங்கள் என்றார் பாஸ்டர். மன்னித்தாள். செக்கை மட்டும் அலமாரியில் வைத்திருக்கிறாள்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு பேங்க் திறக்கும்" என்றாள். "ரெண்டு பேரும் போவோம். இது சரின்னு அவங்க சொல்லட்டும். அப்புறம் வண்டி உங்களது."

"திங்கக்கெழம பதினோரு மணிக்கு எனக்கு பல்லாவரத்துல ரிஜிஸ்தர் ஆபீஸ் கீது. கார்ல போய் எறங்கணும்மா. அதுக்குத்தான் அவசரமா வாங்கறேன்."

"பேங்க்லேர்ந்து நேரா போகலாம்."

தசரதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பாதி இருந்தது.

"நான் திருடன்னு நெனைக்கிறீங்களா?"

"உங்களைச் சொல்லலை. இந்தக் காகிதத்தைச் சொல்றேன்."

"காகிதம் என் மடிலேர்ந்துதான வந்தது?"

தபீதாள் கதவருகே நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் சிரித்துவிட்டான்.

"இன்னா மாமா, எங்கக்காவக் கட்டிக்க வந்தப்ப எங்கப்பா உன்ன நாலு ஊர்ல விசாரிச்சாரு. அப்ப கோச்சிக்கினியா?"

"அப்பவும் கோச்சிக்கினேன்" என்றார் தசரதன். காகிதத்தை மடித்துத் துணியில் சுற்றினார். கேட்டுவரை போய்த் திரும்பினார். "திங்கக்கெழம ஒம்பது வரைக்கும் ராகு காலம். அதுக்கப்புறம் வரேன். வந்தா பாருங்க."

அவர்கள் போன பிறகு தபீதாள் டம்ளர்களை எடுத்தாள்.

"அவர் வராட்டா?"

"வராட்டா வேற ஆள்."

"இருபதாம் தேதிக்குள்ளயா?"

ரத்தினபாய் மேசையைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அசரியா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். பாட்டுப் புத்தகம் இல்லாமலே எல்லாப் பாட்டையும் பாடினார். வெளியே வரும்போது, "ஸ்தோத்திரம் சிஸ்டர். மகளுக்கு சீட் கிடைச்சுதாமே" என்றார். அவள் ஸ்தோத்திரம் சொன்னாள். வீட்டுக்கு நடக்கும்போது தசரதன் பாதி வைத்துவிட்டுப் போன காப்பி நினைவுக்கு வந்தது. அசரியாவிடம் கேட்க வேண்டியதை அந்த மனிதரிடம் கேட்டுவிட்டோமோ என்று தோன்றியது. ஆனாலும் திங்கட்கிழமை பேங்குக்குப் போவதை மாற்ற அவள் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குத் தசரதன் வந்தார். தனியாக வந்தார். புது வேட்டி, நெற்றியில் திருநீறு. கையில் எலுமிச்சம்பழம் நான்கு.

"டயருக்கு" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரத்தினபாய் வண்டியை எடுத்தாள். அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பொம்பளை ஓட்டுகிற வண்டி என்று வழியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தசரதன் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேங்கில் கணக்கரின் பெயர் ஸ்ரீநிவாசராகவன். ரத்தினபாய்க்கு அங்கே கணக்கு இருந்தது. அவர் டிராஃப்டை வாங்கினார். விரலில் மஞ்சள் ஒட்டியது. விரலைப் பார்த்தார்.

"இது என்ன மேடம்?"

"நான்தான் சார் வெச்சேன்" என்றார் தசரதன். "நல்ல காசுக்கு வெக்கறதுதான்."

ஸ்ரீநிவாசராகவன் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். எல்லாக் கிளை அதிகாரிகளின் மாதிரிக் கையெழுத்தும் அதில் இருக்கும் என்று ரத்தினபாயிடம் சொன்னார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். டிராஃப்டை அதன் பக்கத்தில் வைத்தார். இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு உள்ளே போய் ஒரு கட்டுக் கடிதங்களைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது.

"இதைக் கொடுத்ததாப் போட்டிருக்கிற கிளையில ராமபத்திரன்னு ஆபீசரே கிடையாது. இன்னொரு கையெழுத்து புத்தகத்துல இருக்கிற மாதிரி இருக்கு, ஆனா அந்த ஆபீசர் போட்டது இல்லை. டிராஃப்ட் கொடுத்தா எங்களுக்குத் தகவல் வரும். அதுவும் வரலை." கண்ணாடியைக் கழற்றினார். "இது பொய் மேடம்."

தசரதன் ரத்தினபாயைப் பார்த்தார். அவள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதைப் போலப் பார்த்தார்.

"செல்லாதுங்க" என்றாள் அவள்.

"பத்தாயிரம்?"

"அதுவும் இப்படித்தான் இருக்கும்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கவுண்டருக்கு அடியில் போனது. யாரும் எடுக்கவில்லை.

"இதை நான் திருப்பித் தர முடியாது" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "போலீசுக்கு எழுதணும். இவர் இங்கேயே இருக்கட்டும். இவர்தானே கொண்டுவந்தார்?"

"நான்தான் இவரைக் கூட்டிட்டு வந்தேன். நிலத்துக்கு யாரோ கொடுத்து ஏமாத்தியிருக்காங்க. பதினோரு மணிக்கு இவர் அந்த ஆளுக்குப் பத்திரத்துல கைநாட்டு வைக்கப் போறார். இப்பப் போனாத்தான் நிறுத்தலாம்."

"இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"சனிக்கிழமையிலேர்ந்து."

ஸ்ரீநிவாசராகவன் அவளையே பார்த்தார். பேனாவை மூடினார், திறந்தார்.

"எழுதிக் கொடுப்பீங்களா? எப்போ கூப்பிட்டாலும் வருவார்னு?"

தசரதன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். புது வேட்டியின் மடிப்பு இன்னும் கலையவில்லை. சனிக்கிழமை கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

ரத்தினபாய் எழுதினாள். கோவிலம்பாக்கம் தசரதன் எனக்குத் தெரிந்தவர். அழைக்கும்போது நான் அழைத்து வருவேன். தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். கரும்பலகை எழுத்து.

வெளியே வந்ததும் தசரதன் முன்சீட்டில் ஏறினார்.

குரோம்பேட்டை தாண்டியது. அவர் கேட்டார்:

"சனிக்கெழமையே நீங்க அத்த வாங்கிகினு வண்டிய குடுத்திருந்தா?"

"இன்னைக்கு உங்களைத் திருடன்னு சொல்லியிருப்பேன்."

அவர் யோசித்தார்.

"நான் ஒத்துகினு இருக்க மாட்டேன். நான் குடுத்தது நல்ல காசு, நீங்கதான் மாத்திட்டீங்கன்னு ஊரக் கூட்டியிருப்பேன்."

"கூட்டியிருப்பீங்க."

"ரெண்டு பேரும் மெய்யாத்தான் பேசிகினு இருந்திருப்போம்" என்றார் தசரதன்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் வண்டி நின்றது. மரத்தடியில் பத்திரம் எழுதுபவர் மேசை போட்டிருந்தார். பக்கத்தில் டெரிலின் சட்டை போட்ட ஒருவர். காரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க, வாங்க. ராஜா மாதிரி வந்து எறங்கறீங்க."

தசரதன் இறங்கினார். நேராக மேசைக்குப் போனார். புதுப் பத்திரத்துக்கு அடியில் அவருடைய அப்பன் காலத்துப் பழைய பத்திரம் இருந்தது. அதை உருவி எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பேங்க்லேர்ந்து வரோம்" என்றார்.

டெரிலின் சட்டைக்காரர் இன்னும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்தினபாயைப் பார்த்தார். "யாரோ தப்பா சொல்லியிருப்பாங்க, இதோ போன் பண்ணிக் கேட்டுட்டு வரேன்" என்று தெருவுக்கு நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். மூலை திரும்பினார். திரும்பி வரவில்லை.

திரும்பிப் போகும்போது தசரதன் பழைய பத்திரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். படிக்கத் தெரியாது. விரலால் முத்திரையைத் தடவினார். கோவிலம்பாக்கம் பிரிவில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"வண்டி?" என்று கேட்டாள் ரத்தினபாய். கேட்ட பிறகு கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"நெலத்த விக்கலியே டீச்சரம்மா. காசுக்கு எங்க போவேன்?" எலுமிச்சம்பழம் மூன்றையும் சீட்டில் வைத்தார். "இதுங்கள வெச்சிக்குங்க. எவன் வாங்கினாலும் டயருக்கு வேணும்."

அன்று மாலை அவள் அட்டையை எடுத்து மறுபடி பின்கண்ணாடியில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கேட்டில் சத்தம் கேட்டது. முனிரத்தினம். கூடவே பள்ளிக்கரணையிலிருந்து ஒருவர், துரைராஜ் என்று பெயர், செங்கல் வியாபாரம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஸ்டேஷன் வரை போய் வந்தார். ரத்தினபாய் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு விலை சரி என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்:

"பேங்க் காலைல பத்து மணிக்குத்தானேம்மா தொறப்பாங்க?"