ஒன்பதும் பத்தும்

ஹபீப் ரகுமான் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். குழாயில் தண்ணீர் வருகிற நாள், இரண்டு குடம் பிடித்தான். பால் பாக்கெட்டை வெட்டி ஒரு டம்ளர் காய்ச்சினான், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தான். ஒரு ஆளுக்கு அரை லிட்டர் அதிகம். கால் லிட்டர் போதுமென்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டுமென்று தினமும் நினைப்பான், சொன்னதில்லை. குளித்தான். அடுக்கில் மேலே கிடந்த சட்டையைப் போட்டான். வீட்டைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

மாமியார் வீடு அடுத்த தெரு. மதியச் சாப்பாடு அங்கிருந்துதான். மனைவி நஸீபா இறந்த பிறகும் சௌதா மாமி டிபன் பாக்ஸை நிறுத்தவில்லை. அவனும் வேண்டாமென்று சொல்லவில்லை. அன்று வாசலில் டிபன் பாக்ஸோடு ஆலியாவும் நின்றாள். நஸீபாவின் தங்கை. கையில் பிளாஸ்டிக் ஃபைல்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு மில்லுக்குச் செத்த நேரம் கழிச்சுப் போங்க. இவ ராஜபாளையத்துல படிச்சாள்ல, அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு கையெழுத்து வாங்கணுமாம். அது ஒண்ணுதான் பாக்கி. பொறவு அல்லா பாத்துக்கிடுவான்."

பாக்கி அது ஒன்றுதான் என்று அவனும் நம்பினான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீதம் தனியாக இருக்கிறது. ஆலியா இரண்டாவது தடவையாக நீட் எழுதி வாங்கிய மார்க், பொதுப் பட்டியலில் கிட்டத்தில்கூட வராது. ஏழரையில் என்றால் கேள்வியே இல்லை, சீட்டு நிச்சயம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்தாள் என்று தலைமையாசிரியர்கள் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆறு, ஏழு, எட்டும் பதினொன்று, பன்னிரண்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசுப் பள்ளி. அங்கே கையெழுத்து வாங்கியாயிற்று. ஒன்பதும் பத்தும் மட்டும் ராஜபாளையம். அப்போது நஸீபா அங்கே டீச்சராக இருந்தாள். கமிட்டி சம்பளம், சொற்பம்தான். ஆனால் அங்கே கணக்கு நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தங்கச்சியையும் தன்னோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணமாகி வேலையை விட்டதும் தங்கச்சி மறுபடி உள்ளூர்ப் பள்ளிக்கு வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிருஷ்ணன்கோவிலுக்குப் போகும் காலேஜ் பஸ்கள் வரிசையாக நின்றன. ஹபீபும் நாலு வருஷம் அதில் போனவன்தான். பி.இ. முடித்து, காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்யும் மில்லில் ஸ்டோர் பார்க்கிறான். ஆலியா பின்னால் உட்கார்ந்திருக்க, வண்டியைத் தெற்கே ராஜபாளையம் பக்கம் திருப்பினான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல மச்சான். கையெழுத்துதான." கொஞ்ச தூரம் போனபிறகு, "அந்த ஹெச்செம்முக்கு என்னைய ஞாபகம் இருக்குமா?" என்றாள்.

இருந்தது. தலைமையாசிரியர் சீனிச்சாமி எழுந்தே நின்றுவிட்டார்.

"நஸீபா டீச்சர் தங்கச்சியா! ஒக்காரு தாயி. சார், நீங்க அவிய வீட்டுக்காரரா? கேள்விப்பட்டேன் சார். என்ன வயசு! பொடிப் பயலுக அடங்குறது அவுக ஒருத்தருக்குத்தான்." டீ சொல்லி அனுப்பினார். மார்க்கைக் கேட்டு, "அடேயப்பா" என்றார். பேனாவைத் திறந்துகொண்டே தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"இது நம்ம பள்ளிக்கு வராதே தாயி."

"ஏன் சார்?"

"இது உதவி பெறும் பள்ளிம்மா. எய்டடு. கவர்மெண்டு ஸ்கூல் இல்ல."

ஆலியா சிரித்தாள். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள். "சார், எனக்கு கவர்மெண்டு புக்குதான குடுத்தீங்க. சத்துணவு போட்டீங்க. நோட்டு, பை எல்லாம் கவர்மெண்டுதான சார்?"

"அம்புட்டும் கவர்மெண்டுதான். எனக்குச் சம்பளமும் கவர்மெண்டுதான் குடுக்கு. பள்ளிக்கூடம் கமிட்டியோடது. கட்டடம் அவங்க, இடம் அவங்க. சம்பளம் சர்க்காரு, சட்டத்துக்கு நாங்க பிரைவேட்டு."

"ரெண்டு வருஷம்தான சார்" என்றான் ஹபீப்.

"ஒரு வருஷம்னாலும் கெடையாது சார். இன்னொண்ணு கேளுங்க. பெரிய இங்கிலீஷ் ஸ்கூல்ல, சர்க்காரு பீஸ் கட்டுற ஓசி சீட்டுல எட்டு வரைக்கும் படிச்சுப்புட்டு, ஒம்பதுல கவர்மெண்டுக்கு வந்தவனுக்கு உண்டு. கூலிக்காரன் பிள்ளைக பூராம் இங்கதான் படிக்கி, இதுகளுக்குக் கெடையாது. நாங்களும் மனுக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இதுல நான் கையெழுத்துப் போட்டேன்னா, என் வேலையும் போயிரும், நாளைக்குக் கண்டுபிடிச்சு இந்தப் பிள்ளை சீட்டையும் பிடுங்கிருவான்."

டீ வந்தது. குடிக்காமல் எழுந்து போவது மரியாதையில்லை என்பதால் குடித்தார்கள். சீனிச்சாமி மேஜையைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர் நல்லதுக்குத்தான் கூட்டிட்டு வந்தாக" என்றார்.

மில்லுக்குப் போகிற வழியில் ஆலியாவை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஏறி உட்கார்ந்தவள் ஃபைலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

மில் ஆபீசில் மேனேஜர் ஸுந்தரராஜன் மேஜைக்கு மேஜை பால்கோவா கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மகள் மாதுரிக்கு மெடிக்கல் நிச்சயம். விடுதியோடு பயிற்சி கொடுக்கிற பள்ளியொன்றில், ஊரைப் பார்க்காமல் ரெண்டு வருஷம் கிடந்து வாங்கிய மார்க்.

"வாப்பா ஹபீப், எடுத்துக்கோ. ஒன் கொழுந்தியாளும் வாங்கிட்டாளாமே? ஒங்களுக்கென்ன! ஊருக்கெல்லாம் ஏழரைன்னா சனி, ஒங்களுக்கு மட்டும் சீட்டு!"

ஆபீசே சிரித்தது. ஹபீப் பால்கோவாவை வாயில் போட்டான். தித்திப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. "ஆமா சார்" என்றான். உள்ளே போய் நூல் மூட்டை எண்ணினான்.

சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கொடுக்கப் போனான். ஆலியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமி அழுது முடித்திருந்தாள். அடுத்து என்ன என்பதற்கு வந்திருந்தாள்.

"நீங்க படிச்சவிய மாப்பிள்ளை, ஒங்களுக்காச்சும் தெரிஞ்சிருக்க வேண்டாமா? சரி, போனது போகட்டும். அடுத்த வருசம் எழுதட்டும். இன்னும் அம்பது நூறு கூட வாங்குனா எந்தக் கோட்டாவும் வேண்டாமுல்ல?"

"மூணாவது தடவையாம்மா" என்றாள் ஆலியா.

"முப்பதாவது தடவையா இருந்தா என்னட்டி? ஒங்கக்கா மௌத்தாகையில என்ன சொல்லிட்டுப் போனா? 'தங்கச்சிய டாக்டராக்கிருங்க'ன்னு சொன்னா. அதுதான் அவ கடைசியாச் சொன்னது. அந்த வார்த்தையை மண்ணாக்கச் சொல்லுதியா?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

நஸீபா இறந்தது மதுரை ஆஸ்பத்திரியில். காய்ச்சல், நாலு நாள். மாமி வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் ஹபீப் ஒருத்தன்தான். மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த யாரோ, "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்க, மாமி, "தங்கச்சியப் படிக்க வையுங்கன்னா" என்று சொன்னது அடுத்த அறையில் இருந்த அவன் காதில் விழுந்தது. பெற்றவள் வாயை அடைக்க அவனுக்கு மனசில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குள் அதில் டாக்டரும் வந்து சேர்ந்துவிட்டார். பிறகு அது தெருவுக்குத் தெரிந்தது, கோச்சிங் சென்டருக்குத் தெரிந்தது. அங்கே ஆலியாவை எழுப்பி நிறுத்தி அதைச் சொல்லி மற்ற பிள்ளைகளைக் கை தட்டச் சொன்னார்கள். ஒன்றரை வருஷமாக அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"மச்சான்" என்றாள் ஆலியா, குரலைத் தணித்து. "ஒரு காலேஜ்ல பி.எஸ்சி.க்குக் கூப்பிட்டிருக்காங்க. கெமிஸ்ட்ரி. திங்கக்கிழமைக்குள்ள சேரணும். அம்மாகிட்ட சொல்லல."

"ம்."

"அந்தப் பொஸ்தகத்தைத் தொறந்தாலே எனக்குக் கொமட்டுது மச்சான். அக்காவுக்காகத்தான் ரெண்டு தடவை எழுதுனேன். அவ நெசமாச் சொல்லியிருந்தா இன்னொரு தடவையும் எழுதுதேன். நாலு தடவைன்னாலும் எழுதுதேன். சொல்லலேன்னா, திங்கக்கிழமை போய்ச் சேந்துருவேன்."

கையிலிருந்த டிபன் பாக்ஸை அவன் கீழே வைத்தான்.

"நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. அம்மாவ விடுங்க. அக்கா என்ன சொன்னா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மாமி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை, ஆமென்று சொன்னால் போதும். மாமிக்கு மகள் கொஞ்சம் மிச்சமிருப்பாள், இந்தப் பிள்ளை இன்னொரு வருஷம் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கும். வராத ஒரு சொல்லுக்காக.

"அவளுக்கு ஊசி குத்த ஒரு நர்ஸு வந்தாங்க" என்றான். "நரம்பு கெடைக்கல. மூணு எடத்துல குத்துனாங்க. என் கையத் தள்ளிவிட்டுட்டு எரிச்சலாத்தான் சொன்னா. அதுக்கப்பறம் ஒண்ணும் சொல்லல."

"என்ன சொன்னா?"

"'இவளுக்கு நரம்பு பாக்கத் தெரியல. வேற ஆளக் கூப்பிடுங்க.'"