படுக்கையைச் சுற்றிக் கயிறு

கோசரா பெத்ரோனிச் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கைப்பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தபோது, கதவு உள்ளேயிருந்து திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"வாங்கம்மா, வாங்க. கோட்டையப் பாத்துட்டு வர்ற குழுதானே? இப்பத்தான் ஆரம்பிச்சோம். பெட்டிய அப்படி ஓரமா வச்சிடுங்க."

கோசராவுக்கு வாயடைத்துப்போனது. அது லேசில் நடக்கிற காரியம் அல்ல. பாலம் கட்டும் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, ஒரு தலைமுறை ஆண்களோடு மல்லுக்கு நின்று ஓய்வு பெற்றவள் அவள். இடுப்பெலும்பு முறிந்து, வெந்நீர் ஊற்று ஊரில் சிகிச்சை, பிறகு தங்கை வீடு என்று குளிர்காலம் முழுக்க வெளியிலேயே கழிந்துவிட்டது. சொந்தக் கட்டிலில் காலை நீட்டினால் போதும் என்று மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். கதவில் புதிதாக ஒரு பித்தளைப் பலகை: ஓவியர் லியூபொத்ராக் பெத்ரோனிச் நினைவில்லம். அது அவள் கணவரின் பெயர்.

பெல்கிரேடில் இது வழக்கம்தான். ஓவியன், எழுத்தாளன், நடிகன் எவன் செத்தாலும் மனைவி வீட்டை நகரத்துக்கு எழுதி வைப்பாள். அவள் காலம் வரை அவள் இருப்பாள், பிறகு அது அருங்காட்சியகம். ஆக, கிழவிகள் எப்போது போய்ச் சேருவார்கள் என்று காத்திருப்பதற்காகவே நகரத்தில் ஓர் அலுவலகம் நடக்கிறது. அதன் தலைவர் வுகோட்டா ரிஸ்தனோவிச். கோசராவும் அப்படி எழுதி வைத்தவள்தான்; அவள் வீட்டுக்கு அவரிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு. வருஷா வருஷம் கோசராவின் குலப் புனிதர் திருநாளன்று தொலைபேசியில் கூப்பிட்டு, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு மேடம்?" என்று விசாரிப்பார். நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் ஒரு படி இறங்கும். அவளுக்கு அது கேட்கும்.

சரி, என்னதான் செய்கிறார்கள் பார்த்துவிடுவோம் என்று பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது கால்கள். எட்டுப் பத்துப் பேர், அத்தனை பேரும் ஷூவோடு பீரோத் ஊரில் நெய்த அவளுடைய கம்பளத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். பிணம் தூக்க வருகிறவன்கூட இந்த ஊரில் வாசலில் ஒரு நொடி தயங்கிக் காலைப் பார்ப்பான். கோசரா குனிந்து தன் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இடுப்பு சுரீர் என்றது.

வழிகாட்டிப் பெண்ணின் பெயர் போயானா என்று அட்டையில் இருந்தது. அவள் கூட்டத்தைப் படுக்கையறைக்குள் ஓட்டிக்கொண்டு போனாள். கட்டிலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது, தலையணைமேல் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை.

"ஓவியரோட மனைவி இந்தக் கட்டில்லதான், தூக்கத்துலயே, ரொம்ப அமைதியா உயிர விட்டாங்க," என்றாள் போயானா, குரலைத் தணித்துக்கொண்டு.

ஒரு பெண்மணி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கோசராவுக்குக் காதுமடல் கொதித்தது. செத்ததாகச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அமைதியாகவாம்.

அடுத்தது சமையலறை. அங்கே மேசைமேல் அவளுடைய செர்ரி ஸ்லாட்கோ, போன கோடையில் ஒவ்வொரு பழமாகக் கொட்டை எடுத்து, பாகு பதம் பார்த்துக் காய்ச்சியது, பாட்டில் மூடி திறந்து நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வீட்டுக்காரி தன் கையால் ஒரு கரண்டி ஸ்லாட்கோவும் ஒரு தம்ளர் தண்ணீரும் நீட்டுவாள். இங்கே போயானா நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலத்து உபசாரம். எல்லாரும் ஒரு வாய் எடுத்துக்கங்க."

"பிரமாதம்," என்றார் நீஷ் நகரத்துக்காரர் ஒருவர், மோவாயில் பாகு வழிய. "காலையிலிருந்து கோட்டை, தேவாலயம், இளவரசி மாளிகைன்னு சுத்துறோம், எங்கயும் வாய்க்கு ஒண்ணும் தரல. அந்தம்மா என்ன வேலை பாத்தாங்க?"

"வீட்டப் பாத்துக்கிட்டாங்க. ஸ்லாட்கோ நல்லாப் போடுவாங்களாம்."

கோசரா பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஓர் அறை பாக்கி இருந்தது.

சாவா நதியைப் பார்த்த ஜன்னலுள்ள அந்த அறையில் அவளுடைய வரைமேசை நின்றது. அதன்மேல் பாலங்களின் வரைபடங்கள் விரித்திருந்தன. சுவரில் அதே பாலங்கள், கணவரின் ஓவியங்களாக. அவள் இரவும் பகலும் கணக்குப் போட்டு வரைந்த வளைவுகளைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் வண்ணம் தீட்டினார். அதை அவரே போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார், நல்ல மனுஷன்.

"ஓவியர் பாலங்கள எவ்வளவு நேசிச்சார் பாருங்க," என்றாள் போயானா. "வரையறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாலத்துக்கும் பொறியியல் வரைபடமும் அவரே போட்டுக்குவார். இந்த மேசையிலதான்."

"அவருக்கு ஒரு ஆணி அடிச்சுப் படம் மாட்டத் தெரியாது," என்றாள் கோசரா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த வரைபடத்துல கீழ் மூலையில கட்டம் போட்டு எழுதியிருக்கு பாரு. படி."

போயானா குனிந்தாள். "வரைந்தவர், பொறியாளர்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "கோசரா பெத்ரோனிச்." நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. "நீங்க யாரும்மா?"

"அந்தக் கட்டில்ல அமைதியா செத்தவ."

சிலுவைக் குறி போட்ட பெண்மணிதான் முதலில் குனிந்து ஷூவைக் கழற்றினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். நீஷ்காரர் மோவாயைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம சாப்பிட்டுட்டேன் தாயி, மன்னிச்சுக்க," என்றார்.

"சாப்பிட்டதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்," என்றாள் கோசரா.

கூட்டம் காலணிகளைக் கையில் பிடித்தபடி மாடிப்படி இறங்கிப் போனது. போயானா அழுதுகொண்டே தொலைபேசியில் பேச, கொஞ்ச நேரத்தில் வுகோட்டா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வரைமேசை அருகே நின்ற கோசராவைக் கண்டதும் ஒரு கணம் அவர் கண்ணில் வந்துபோனது சந்தோஷம் அல்ல.

"மேடம், இது ஒரு துரதிர்ஷ்டமான தவறு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தோம், எடுக்க ஆளில்ல. இந்தக் கட்டடத்துல விசாரிக்கவும் ஆளில்ல, எல்லா வீடும் சுற்றுலாக்காரங்களுக்கு நாள்வாடகைக்கு விட்டிருக்கு. அப்புறம் ஓவியரோட கல்லறைக்குப் போய்ப் பாத்தோம்."

"என் படம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உங்க அம்மா படமும்தான் உங்க அப்பா கல்லறையில இருக்கும். அவங்க நேத்துச் சந்தைக்குப் போகலையா?"

புருஷன் கல்லில் பெண்டாட்டியின் முகத்தையும் பேரையும் பிறந்த வருஷத்தையும் உயிரோடிருக்கும்போதே செதுக்கி வைப்பது இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"தெரியாமயா மேடம்? ஆனா உங்களுக்குப் பிறந்த வருஷத்தோட நிக்கல. கோடு போட்டு, பக்கத்துல இருபதுன்னு இருந்துச்சு. மிச்ச ரெண்டு எண்ணும் பனியில உதிர்ந்திருக்கும்னு நினைச்சோம்."

கல்தச்சன் செய்த வேலை அது. நூற்றாண்டு எப்படியும் மாறாது அம்மா, பாதியை இப்போதே வெட்டிவிடுகிறேன், அப்புறம் ரெண்டு எண் வெட்டினால் போதும் என்றான். அவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

"நினைச்சீங்க. ஒரு மரணச் சான்றிதழ் கேக்கத் தோணல. அவ்வளவு அவசரம்."

வுகோட்டா கைகளைப் பிசைந்தார். "வெள்ளிக்கிழமைதான் திறப்பு விழா மேடம், இப்ப வர்ற குழுவெல்லாம் ஒத்திகைக்குத்தான். அழைப்பெல்லாம் போயிடுச்சு, தொலைக்காட்சி வருது. உங்களுக்கு நல்ல ஓட்டல்ல அறை போட்டுத் தர்றோம். ஒரு வாரம், பத்து நாள். நீங்களும் விழாவுக்கு வரலாம், முன்வரிசையில. அந்த வரைபட விஷயமெல்லாம் உங்க காலத்துக்கு அப்புறம் சரியா எழுதிடுவோம். என் வாக்கு."

கோசராவுக்குச் சிரிப்பு வந்தது; கோபம் தலைக்கு மேல் போனால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

"என் காலத்துக்கு அப்புறம் நீங்க என்ன செய்வீங்கன்னு நான் இன்னிக்குக் கண்ணால பாத்துட்டேன் சார். செத்தவங்க யாருக்கும் கிடைக்காத கொடுப்பினை. கம்பளத்த மிதிச்சீங்க, பாட்டிலத் திறந்தீங்க, என் வேலையத் தூக்கி அந்த மனுஷன் தலையில வச்சீங்க. உங்க சகவாசமே வேணாம். சாவியக் குடுங்க."

"ஒப்பந்தம் இருக்கு மேடம்."

"நான் செத்தப்புறம் செல்லுற ஒப்பந்தம். நான் சாகல, நீங்க உள்ள வந்துட்டீங்க. மீறினது யாருன்னு என் வக்கீல் சொல்லுவார்."

"அப்போ இந்த வீடு? உங்களுக்குப் பிள்ளைங்களும் இல்ல…"

"பொறியியல் படிக்க வெளியூர்லேர்ந்து வந்து, தங்க இடமில்லாம அல்லாடுற பொண்ணுங்க இந்த ஊர்ல எத்தன பேர் இருக்காங்க தெரியுமா? அவங்களுக்கு எழுதி வைக்கிறேன். இந்த மேசையில யாராவது உக்காந்து கணக்குப் போடட்டும்."

வுகோட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தார். போயானா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுத்துடுங்க சார்," என்றாள்.

அவர் பையிலிருந்து சாவியை எடுத்து, கோசராவின் முகத்தைப் பார்க்காமல், வரைமேசை மேல் வைக்கப் போனார்.

"அங்க வைக்காதீங்க," என்றாள் கோசரா. "கையில குடுங்க. உயிரோட நிக்கிறேன்ல?"