இருபதாவது பிள்ளை

காட்டூரைத் தாண்டி, பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகையை ஒட்டிய தெருவில் இருபது பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டது. உடம்பில் ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, கொட்டகைக் காற்றே படாத இடத்திலிருந்து இன்னொரு இருபது பேர் வேண்டும் என்றார் டாக்டர் கிளமென்ட். களப்பணியாளர் ஜோதி, தான் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்தைச் சொன்னாள். பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். கடைசி நாளில் ஒன்று குறைந்தது. தன் நாலு வயது மகள் யாழினியை மடியில் உட்காரவைத்து விரலில் ரத்தம் எடுத்து, இருபதாவதாக எழுதிக்கொண்டாள்.

ஜோதி கறாரான ஆள். கொட்டகையில் வேலை பார்ப்பவனின் மனைவி பாப்பாயியைக் கண்டால் விடமாட்டாள்.

"ஈயத்தூசி படிஞ்ச வேலைச் சட்டையோட அவரைப் பிள்ளையைத் தூக்க விடாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது? பெத்தவங்களுக்கு ஒரு கவனம் வேணாமா?"

"அப்பனைக் கண்டதும் அவன் ஓடிப்போய் ஏறிக்கிறான். கயித்தாலயா கட்டி வைக்கிறது?" என்பாள் பாப்பாயி. "உங்க ஸ்ரீரங்கத்துப் பிள்ளைங்க மட்டும் தரையில கால் வைக்காமப் பறக்குதுங்களாக்கும்!"

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். காட்டூர்ப் பக்கம் பதினொன்று, பதினாலு, பதினெட்டு. ஸ்ரீரங்கத்தில் இரண்டு, மூன்று, இரண்டு. இருபதாவது வரியில் முப்பத்தொன்று.

"விரல்ல தூசி இருந்திருக்கும். யார் பிள்ளை இது?" என்று கேட்டார் கிளமென்ட்.

ஜோதி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யாழினியின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இந்தத் தடவை நரம்பிலிருந்து எடுத்தார்கள். இருபத்தொன்பது.

மறுநாள் அளக்கிற கருவியோடு அவரே வீட்டுக்கு வந்தார். சுவர்ப் பெயின்ட், பொம்மைகள், குங்குமச் சிமிழ், குழாய் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அடுப்படியில் கவிழ்த்திருந்த ஈயச்சொம்பில் வைத்ததும் எண் ஓடியது, நிற்கவில்லை.

யாழினிக்குச் சோறு ஊட்டத் தொடங்கிய வருஷம் தைத்தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய சொம்பு. பேர்தான் ஈயச்சொம்பு, சுத்த வெள்ளீயம், உடம்புக்குக் கெடுதலில்லை என்று விற்றவன் சத்தியம் பண்ணினான். அதில் வைக்கிற ரசத்துக்குத் தனி வாசனை என்று ஜோதியே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். அதில் கலந்திருந்த, பேட்டரியில் இருக்கிற அதே காரீயத்தைப் புளிப்பும் கொதியும் கரைத்து இறக்கியிருக்கின்றன. ஆறு மாதமாக யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று மூன்று வேளையும் ரசஞ்சாதம் குழைத்து ஊட்டினாள் ஜோதி. வலி கூடிய நாட்களில் இன்னும் ரெண்டு கரண்டி.

"சொம்பை எடுத்துட்டா இனிமே ஏறாதும்மா. மெல்ல இறங்கும்."

"இதுவரைக்கும் ஏறினது மூளையை என்ன பண்ணியிருக்கும், சார்?"

கிளமென்ட் கருவியை உறைக்குள் வைத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை ஜோதி காட்டூருக்குப் போய் வீடு வீடாக முடிவுச் சீட்டைக் கொடுத்தாள். பாப்பாயி மகனுக்குப் பதினாலு. பாப்பாயி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும். உங்க பக்கம் யாருக்கும் இல்லைல்ல?"

"ஒரு பிள்ளைக்கு இருபத்தொன்பது."

"ஐயையோ! அங்க கொட்டகையே கிடையாதே. பெத்தவ என்னத்தத்தான் ஊட்டினாளாம்?"

"ரசஞ்சாதம்," என்றாள் ஜோதி.

பாப்பாயி சிரித்துவிட்டாள். பிறகுதான் ஜோதியின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள்.