பார்லர் அக்கா ஜாம்பி ஆன கதை

நடு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்தபடி புருவத்தைச் சீர்செய்யக் கொடுத்திருந்த வங்கி அதிகாரிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அக்கா, நேத்து போன்ல உங்களைப் பார்த்தேன். பாதிக் கன்னத்தைக் காணோம்."

பார்லர் அக்கா பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். "என் கன்னத்துக்கு என்ன கேடு? ரெண்டும் பத்திரமாத்தானே இருக்கு."

வங்கி அதிகாரி கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். திரையில் பச்சைப் பசேலென்று ஒரு பிணம் நின்றுகொண்டிருந்தது. தாடை தொங்க, கன்னம் உரிந்து பல் தெரிந்தது. ஆனால் மூக்கோரத்து மச்சமும், கொண்டையில் செருகிய சீப்பும் சந்தேகத்துக்கு இடமின்றி அவளுடையவை. மேலே பெரிய எழுத்தில் 'செத்தாலும் கடை உண்டு'. கீழே, இந்தக் காமிக்ஸ் புத்தகமாக வர உதவுங்கள் என்று மருமகளின் வேண்டுகோள்.

செத்தும் நடமாடுகிற ஜாம்பிகளை வைத்து மருமகள் காமிக்ஸ் வரைகிறாள் என்பது தெரியும். அதற்காகத்தான் விளம்பரக் கம்பெனி வேலையை விட்டாள். எந்தப் பதிப்பகமும் சீந்தாததால் இணையத்தில் வாசகர்களிடமே முன்பணம் திரட்டுகிறாள். குறித்த தேதிக்குள் முழுத் தொகையும் சேராவிட்டால் வந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், புத்தகமும் கிடையாது. இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்த சங்கதிகள். அந்த ஜாம்பியே தான்தான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைக்கு மேலேதான் வீடு. அக்கா ஒரே மூச்சில் மாடியேறினாள்.

"ஏம்மா, இருபத்தஞ்சு வருஷமா ஊர்ல உள்ள மூஞ்சியெல்லாம் அழகாக்கி அனுப்பறேன். என் மூஞ்சிய நீ இப்படி அழுக வெச்சிருக்கியே?"

மருமகள் வரைபலகையிலிருந்து எழுந்து நின்றாள். "கேட்டிருக்கணும் அத்தை. கேட்டா வேணாம்பீங்கன்னு பயம்."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்க."

"தெரிஞ்சேதான்."

இப்படிப் பளிச்சென்று ஒத்துக்கொள்பவளிடம் எப்படிச் சண்டை போடுவது? "முதல்ல அந்த மூஞ்சிய மாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அதன்பிறகு வீட்டில் பேச்செல்லாம் மகன் வழியாகத்தான் போயிற்று. "அவளைச் சாப்பிடச் சொல்லுடா." "அத்தைகிட்ட ஏசிய அணைக்கச் சொல்லுங்க." லிப்ட் மெக்கானிக்கான மகன் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்டைப்போலத் தவித்தான். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? நான் என்ன ஸ்பீக்கரா?"

தேதி நெருங்கியது. பணம் பாதிக்குச் சற்று மேலே வந்து, அங்கேயே படுத்துவிட்டது. மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. அதை அக்கா கவனிக்காததுபோலக் கவனித்தாள்.

ஒரு மத்தியானம் துண்டுகளை உலர்த்த மாடிக்குப் போனபோது, உள்ளே மருமகள் போனில் பேசுவது கேட்டது. ஒலிபெருக்கியில் எதிர்முனைக் குரலும் துல்லியமாக விழுந்தது. யாரோ பெரிய கை. மீதித் தொகை முழுவதையும் தானே போடுகிறாராம், ஒரே ஒரு மாற்றம் போதுமாம். "நடு வயசுப் பொம்பளை ஜாம்பிய யாரும்மா பார்ப்பாங்க? இருபது வயசுப் பொண்ணாக்கு. கிழிஞ்ச டிரஸ், கொஞ்சம் ரத்தம். பிச்சுக்கிட்டுப் போகும்."

துண்டோடு அக்கா அப்படியே நின்றாள்.

"இல்ல சார்," என்றாள் மருமகள். "கதை என்னன்னா, ஊரே ஜாம்பி ஆயிடுது. இவங்களும்தான். ஆனா தான் செத்ததே இவங்களுக்குத் தெரியல. காலைல எழுந்து கடை திறக்கறாங்க. கடிக்க வர்ற ஜாம்பியப் பிடிச்சு உட்கார வெச்சுத் தலை வாரி விடறாங்க. எங்க மாமா இறந்த மறு வாரமே எங்க அத்தை கடை திறந்தாங்க. ஒரு கல்யாணப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தாங்களாம். சாப்பாடு தூக்கம் இல்ல, கை மட்டும் வேலை செஞ்சதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார். அதைக் கேட்டப்பதான் இந்தக் கதையே தோணுச்சு. இந்த மூஞ்சி இல்லன்னா புத்தகமே வேணாம் சார்."

அந்த வாரத்தை யாருமே பார்க்கவில்லை என்றுதான் அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தாள். 'புருஷன் போய் ஈரம் காயல, அதுக்குள்ள பவுடர் டப்பாவைத் திறந்துட்டா' என்று தெரு பேசியது மட்டும்தான் நினைவில் இருந்தது. போன் பேச்சு முடிந்ததும், துண்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நான் மாத்தச் சொன்னதைத்தானே அந்த ஆளும் சொல்றான்? பணமும் வருது. ஒத்துக்க வேண்டியதுதானே?"

"நீங்க சொன்னா மாத்தலாம் அத்தை. உங்க மூஞ்சி. அவர் சொல்லி மாத்த முடியாது."

"சரி, இப்ப நான் சொல்றேன்."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையசைத்தாள். "சொல்லுங்க."

அக்கா வரைபலகையில் இருந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இருபது வயசுப் பொண்ணாம்! அதுக்கு ஒழுங்காப் புருவம் எடுக்கத் தெரியுமா? நாலு ஜாம்பி உள்ள வந்தா சீப்பைப் போட்டுட்டு ஓடிடும்." பிறகு படத்தில் விரலை வைத்தாள். "தோல் உரிஞ்சா இப்படியா, கத்தரியால வெட்டுன மாதிரி இருக்கும்? கீழ வா, காட்டறேன். உன் புருஷனையும் போனைத் தூக்கிட்டு வரச் சொல்லு."

வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் அன்று அக்கா உட்கார்ந்தாள். மகன் போனைப் பிடிக்க, மருமகளின் இணையப் பக்கத்தில் நேரலை ஓடியது. மெல்லிய காகிதத்தைக் கிழித்து இமை ஒட்டும் பசையில் ஒட்டி, காய்ந்ததும் நுனியை நகத்தால் கிளப்பினாள். கன்னம் உரிந்து தொங்கியது. அதன்மேல் பச்சையும் ஊதாவும் ஏறின.

"இத்தனை வருஷமா நான் மறைச்சதெல்லாம் இன்னிக்கு வெளிய எடுக்கறேன், பாத்துக்குங்க. கண்ணுக்குக் கீழ கருவளையமா? இந்தா, ரெண்டு மடங்கு! டேய், கையை ஆட்டாத, நான்தான் பிணம், நீ இல்ல." முடித்துவிட்டு நேராகப் பார்த்தாள். "இந்த மூஞ்சிய வரைஞ்சது என் மருமக. ஒருத்தன் பணத்தைக் காட்டி மாத்தச் சொன்னான், முடியாதுன்னுட்டா. நான் கல்யாண அலங்காரம் பண்ணி அனுப்பின அத்தனை பேரும் எங்கடி போனீங்க? வந்து புத்தகம் வாங்குங்க."

வந்தார்கள். 'என் கல்யாணத்துக்கு நீங்கதான் அக்கா' என்று ஒருத்தி, அவள் தங்கை, அவள் நாத்தனார். பிணத்துக்கு இவ்வளவு வாயா என்று கேலி செய்தவனும் ஒரு பிரதி வாங்கினான். எந்த உறவும் இல்லாத, காமிக்ஸ் பைத்தியங்களான முகம் தெரியாத பையன்கள், வீடியோவை ஊர் ஊராகக் கடத்தினார்கள். கடைசி நாள் காலையிலும் தொகை கொஞ்சம் குறைவாகவே இருந்தது. மகன் தன் சம்பளத்தைப் போடப் பார்த்தான். இருவரும் சேர்ந்தே அவனை அதட்டினார்கள். பல நாளைக்குப் பிறகு மாமியாரும் மருமகளும் ஒரே வாக்கியத்தைப் பேசினார்கள்.

சாயங்காலம் அக்கா ஒருத்திக்குத் தலைச்சாயம் பூசி முடித்துக் கையுறையைக் கழற்றும்போது, மருமகள் படியிறங்கி வந்தாள். போனை மட்டும் நீட்டினாள். முழுத் தொகையையும் தாண்டி எண் ஏறிக்கொண்டிருந்தது.

"யாருக்கா இந்தப் பொண்ணு?" என்றாள் சாயம் பூசிக்கொண்டவள்.

"என் மருமக. ஆர்ட்டிஸ்ட். அவ புத்தகம் அச்சுக்குப் போகுது." பார்லர் அக்காவின் குரல் எதிர்க்கடைக்கும் கேட்டிருக்கும். "அட்டையில இருக்கறது நான்."

பிறகு மருமகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இன்னும் எத்தனை பக்கம் பாக்கி இருக்கு? அழுதுட்டு நிக்கறியே. போய்ப் பென்சிலை எடுத்துட்டு வா. இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

கண்ணாடிக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி அவள் நிற்க, மருமகள் தரையில் சம்மணமிட்டு வரையத் தொடங்கினாள்.

"அக்கா, என் தலையில சாயம் காயுது."

"காயட்டும்," என்றாள் பார்லர் அக்கா, முகத்தைத் திருப்பாமல். "புத்தகத்துக்கு நிக்கறேன்ல."